வெள்ளிக்கிழமை வகுப்பும் பேச்சியம்மாளின் கால்களும்

1

என் மகள் கவிதா, பேச்சியம்மாளின் கால்களைக் கழுவியபோது மனதில் யாரை வைத்துக்கொண்டு கழுவினாள்? ஊரிலிருந்து திரும்பி வந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. அவளிடமே அப்போதே கேட்டுப் பார்த்தேன். "ஞாபகம் இல்லம்மா" என்றாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு ஞாபகம் இல்லாமல் போகலாம். சொல்ல விருப்பம் இல்லாமலும் இருக்கலாம். இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் டெபி தொலைபேசியில் கூப்பிட்டாள். கவிதா வாரந்தோறும் போகும் கிறிஸ்தவப் பிள்ளைகள் வகுப்பை நடத்துகிறவள் அவள். உறைந்துபோன ஏரிக்கரையில் ஒரு முகாம் இருக்கிறதாம், அனுப்புவீர்களா என்று கேட்டாள். "என் கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். அவரிடம் கேட்டால் "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்பார். அது எனக்குத் தெரியும். இத்தனை நாள் பழக்கத்தில் டெபிக்கும் தெரிந்திருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் போடிநாயக்கனூர். கல்லூரியில் விலங்கியல் படித்தேன். படித்து முடித்த கையோடு கல்யாணம். கவிதா கைக்குழந்தையாக இருந்தபோது கனடா வந்தோம். மரமே தெரியாத கோதுமைச் சீமையில் ஒரு சின்ன ஊர் இது. கணவருக்கு உர ஆலையில் வேலை. இங்கே பிறந்த சின்னவன் முரளிக்கு மூன்று வயது. அக்கா கப்பல் தபாலில் சேர்த்து அனுப்பும் பத்திரிகைகளைப் படித்துவிட்டு, வாசகர்களாகிய உங்களுக்கு எழுத நினைத்து எழுதாமல் விட்டவை எத்தனையோ. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2

இந்த ஊரில் ஏழாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 'ஜூனியர் ஹை' என்று பெயர். அவர்களுக்கென்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம் நடக்கும். பள்ளித் தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்று கவிதா வந்து நின்றாள். விளையாட்டு என்றாள். சாப்பாடு என்றாள். பைபிள் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சர்ச்சில் பைபிள் இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

முதல் வாரம் முரளியை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். டெபி ஜீன்ஸ் போட்டு கிட்டாரோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். எந்தக் கோணத்திலும் டீச்சர் மாதிரி தெரியவில்லை. ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டார்கள். மற்ற எல்லாரும் சுற்றி நின்று கூச்சல் போட, ஒருத்தி மட்டும் ஓர் ஓரத்தில் மெதுவாக அந்தப் பிள்ளையின் பெயரைச் சொன்னாள். கண் கட்டிய பிள்ளை அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவளிடம் போய்ச் சேர வேண்டும். நல்ல விளையாட்டுதான், நானும் சிரித்துவிட்டேன். முடிந்ததும் டெபி, "ஆண்டவரும் இப்படித்தான் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், சத்தத்துக்கு நடுவில் காது கொடுக்க வேண்டும்" என்றாள். என் சிரிப்பு நின்றுவிட்டது.

இன்னொரு வாரம், மேசைமேல் ஏறி நின்று கண்ணை மூடிப் பின்பக்கமாகச் சாய வேண்டும். கீழே நிற்கிற பிள்ளைகள் கைகளைக் கோத்துத் தாங்கிக்கொள்வார்கள். கவிதா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தாள். தலை பின்னிவிட நான் கை வைத்தாலே "வலிக்குதும்மா" என்று விலகுகிறவள், பெயர்கூடச் சரியாகத் தெரியாத பிள்ளைகளின் கைகளில் போய் விழுந்தாள். அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிடித்துக்கொண்டார்களே என்று எனக்கு நிம்மதி வரவில்லை. இவ்வளவு பழக்கிவிட்டார்களே என்றுதான் இருந்தது.

ஒருநாள் சர்ச் வாசலில் டெபியிடம் நேராகவே கேட்டேன். என் ஆங்கிலம் படித்து வந்தது, பேசி வந்ததில்லை. "என் மகளிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டது, கடைக்காரரோடு சண்டை பிடிக்கிற தோரணையில் வந்து விழுந்தது. அவள் கோபப்படவில்லை.

"அவள் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம். வேறொன்றும் வேண்டாம்" என்றாள்.

வேறொன்றும் வேண்டாத ஒருத்தி, பனியில் வண்டி ஓட்டி வந்து, என் பெண்ணை வாசலில் ஏற்றி, வாசலிலேயே இறக்கிவிட்டுப் போவது எதற்காக? ஒவ்வொரு வெள்ளியும் கவிதாவின் நெற்றியில் விபூதி பூசி அனுப்பினேன். திரும்பி வரும்போது நெற்றி துடைத்த மாதிரி இருக்கும். ஓடி விளையாடிய வியர்வையில் போயிருக்கலாம். வண்டியில் ஏறியதும் அவளே துடைத்திருக்கலாம். கேட்கவில்லை. அதற்குப் பதில், அவள் குளிக்கப் போன நேரத்தில் கோட்டுப் பையைத் துழாவினேன். ஒரு சாக்லெட் தாள் இருந்தது, அவ்வளவுதான்.

3

சந்தேகப்படுவது எங்கள் வீட்டுத் தொழில் என்றும் சொல்லலாம். அப்பா போடியில் ஏலக்காய் வாங்கி விற்றவர். மூட்டையைப் பிரித்ததும் மேலே பச்சைப்பசேலென்று பருத்த காய் தெரிந்தால் அவர் முகம் சுருங்கும். முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை அள்ளிப் பார்த்த பிறகுதான் பேச்சைத் தொடங்குவார். மேலே காய் சுமாராக இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

நான் படித்ததும் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் எங்களுக்கு நன்னெறி வகுப்பு. இரண்டு அறைக்கும் நடுவே ஒரு தட்டிதான் தடுப்பு. அந்தப் பக்கம் பாடுகிற பாட்டெல்லாம் எங்களுக்கும் மனப்பாடம். வீட்டில் தெரியாமல் ஒருநாள் முணுமுணுத்துவிட்டேன். அப்பா சாப்பாட்டிலிருந்து நிமிராமல், "பள்ளிக்கூடத்துல பாடத்த மட்டும் வாங்கிட்டு வந்தாப் போதும்" என்றார். நான் பாடத்தை மட்டுமே வாங்கிக்கொண்டு வந்தேன். எனக்கும் அந்தப் பாட்டுக்கும் நடுவில் தட்டி இருந்தது. கவிதாவுக்கு அது இல்லை. அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

4

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போடிக்குப் போனேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை.

போய் இறங்கிய வாரமே கவிதாவுக்குக் காய்ச்சல். தண்ணீர் மாறியதால் வந்தது என்றார் டாக்டர். "எத்தன கண்ணு பட்டுச்சோ" என்றார் மதினி. என் அண்ணன் மனைவி அவர். உப்பு மிளகாய் சுற்றிப் போட்டும் காய்ச்சல் இறங்காததால் ஒரு பூசாரியை அழைத்துக் கழிப்புக் கழித்தார்கள். அதாவது பிள்ளையைப் பிடித்திருப்பதை எலுமிச்சம்பழத்திலும் மஞ்சள் தண்ணீரிலும் இறக்கி, அதைக் கொண்டுபோய் முச்சந்தியில் கொட்டிவிடுவது. கொட்டியதை யார் மிதிக்கிறார்களோ அவர்களோடு அது போய்விடும் என்பது நம்பிக்கை. அதனால்தான் எங்கள் ஊரில் காலையில் முச்சந்தியைத் தாண்டும்போது எல்லாரும் தரையைப் பார்த்தே நடப்பார்கள். விலங்கியல் படித்த நான் மாத்திரையையும் கொடுத்தேன், கழிப்பையும் தடுக்கவில்லை. காய்ச்சல் விட்டது.

உடம்பு தேறியதும் அண்ணன் எங்களைத் தன் ஏலத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். குரங்கணி வரை ஜீப்பு, அதற்கு மேலே நடை. முதல் பறிப்புக் காலம். விடாத தூறல். ஏலக்காய் செடியின் தூரில், மண்ணோடு மண்ணாகக் காய்க்கும். பறிக்கிற பெண்கள் நாள் முழுக்க ஈரச் சருகில் குத்த வைத்தே நகர்வார்கள். அட்டைகளுக்கு அது விருந்து. புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசியிருந்தாலும் சாயங்காலம் இறங்கி வரும்போது கணுக்காலிலிருந்து இரத்தம் கோடு கோடாக வழியும். அவர்களுக்கு அது பழக்கம். சின்ன வயதிலிருந்து பார்த்ததால் எனக்கும் பழக்கம். கவிதா அன்றுதான் முதல் தடவை பார்த்தாள்.

காய் உலர்த்தும் ஸ்டோரின் படியில், பறிக்கிறவர்களில் ஒருவரான பேச்சியம்மாள் உட்கார்ந்து அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், என் வயதுதான். நான் உள்ளே முரளிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். வெளியே திடீரென்று சிரிப்புச் சத்தம்.

"பேச்சிக்கு மாப்ள மருவாதி நடக்குதுடி!"

"அடியே, தாம்பாளத்துல நிக்க வச்சுல்ல கழுவணும்? பேசின்ல கழுவுறா பாரு!"

எட்டிப் பார்த்தேன். கவிதா வென்னீர்ப் பேசினோடு மண்டியிட்டிருந்தாள். கனடாவிலிருந்து கொண்டுவந்த சோப்பு கையில். பேச்சியம்மாள் எழுந்துகொள்ளவும் முடியாமல் காலை உருவவும் முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"அய்யோ பாப்பா, விடுங்க தாயி. காலத் தொடாதீங்க. மொதலாளி பாத்தா என்னைய வைவாரு."

கவிதா ஒவ்வொரு விரலாகக் கழுவினாள். தன் துண்டால் ஒற்றி எடுத்தாள். பிறகு அந்தக் கால்களைப் பிடித்தபடியே கண்ணை மூடினாள். உதடுகள் அசைந்தன.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் அந்தக் கீழ்த்தளத்தில் நடந்த பாடம் அது. ஏசு தம் சீடர்களின் கால்களைக் கழுவிய கதையைச் சொல்லி, பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து ஒருவர் காலை ஒருவர் கழுவ வைத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து கவிதா கதை கதையாகச் சொன்னாள். பொழுதுபோக்கு என்று விட்டிருந்தேன்.

அண்ணன் வந்து நின்றார். பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

"என்னம்மா செல்வி, உம் மக என்ன கூத்துக் கட்டுறா?"

"அவங்களுக்கு ரத்தம் வந்துச்சு மாமா" என்றாள் கவிதா.

அண்ணன் திரும்பி ஸ்டோருக்குள் போனார். சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்: "இந்தச் சோலிய இங்க எவனும் சொல்லிக் குடுக்கல. அங்க நல்லா ஏத்திவிட்ருக்காய்ங்க. புள்ள ஒன்னோடதுதானான்னு வெரசாப் பாத்துக்க, ஆத்தா."

பறிக்கிறவர்களுக்கென்று ஸ்டோரின் வெளிச்சுவரில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளர்களைப் பற்றிக் கவிதா அதற்கு முந்தைய நாளே என்னிடம் கேட்டிருந்தாள். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

5

மறுநாள் பேச்சியம்மாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அவருடைய கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றார் கங்காணி. சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மூன்றாம் நாள் அவரே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். காய் காயப்போடும் களத்துக்குள் கால் வைக்காமல் வெளியிலேயே நின்றார்.

"தாயி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாதீங்க."

"கேளுங்க."

"பாப்பாவுக்குப் போடியில கழிச்சீங்களாம்ல. முழுசாப் போகலியா? மிச்சத்த எங்காலுல எறக்கிட்டீங்களா?"

நான் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். அவர் தொடர்ந்தார்.

"எனக்கு வந்தா வந்துட்டுப் போகுது. பச்சப்புள்ளைக்கு வந்துருச்சே. நேத்தெல்லாம் பாலு குடிக்கல."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்ல. அது வேதக்காரங்க செய்யிற வழக்கம். அங்க அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"எங்க சித்தப்பன் வீட்டுல வேதக்காரங்கதான், தேவாரத்துல. கோயிலுக்குப் போறாங்க, பாடுறாங்க. அவங்க ஒருத்தரும் எங்காலக் கழுவினதில்ல." அவர் குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "மொதலாளி வீட்டுப் புள்ள, ஒரு காரணமும் இல்லாம, எங்காலப் பிடிச்சுக் கழுவி, கண்ண மூடி என்னமோ சொல்லுது. நீங்களே சொல்லுங்க. சும்மா செய்யுமா?"

சும்மா செய்வார்களா? சர்ச் வாசலில் டெபியிடம் நான் கேட்டதும் இதுதான். டெபி சொன்ன பதிலைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அந்தப் பதிலை நானே நம்பியதில்லை.

"ஒண்ணுமில்லேன்னா ஒண்ணு செய்யுங்க" என்றார் பேச்சியம்மாள். "அதே மாதிரி பாப்பா உங்க காலக் கழுவட்டும். எங் கண்ணு முன்னால. அப்ப நம்புறேன்."

அண்ணன் ஸ்டோருக்குள்ளிருந்து வந்துவிட்டார். "கூலிக்கு வந்தவ சொல்லி நீ காலை நீட்டுவியா? போச் சொல்லு அவள."

மதினியின் கவலை வேறு. என் தோளைப் பிடித்துக் காதோரம், "வேணாம் செல்வி. என்ன எழவோ, எதுக்கு வம்பு? ஒனக்கும் சின்னப்புள்ள இருக்கான்" என்றார்.

இதற்குள் கவிதா வென்னீர் கொண்டுவந்துவிட்டாள். யார் சொன்னதையும் அவள் முழுதாகப் புரிந்துகொண்டாளா தெரியவில்லை. அந்த வேகத் தமிழ் அவளுக்குப் பாதிதான் எட்டும். ஆனால் நான் நின்ற நிலை புரிந்திருக்கும். பேசினைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

நான் உடனே உட்காரவில்லை. கழிப்பில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்று இந்தக் காகிதத்தில் எழுதுவது சுலபம். அந்த இடத்தில், தூறலில், சிணுங்குகிற குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, எனக்குக் கழிப்பும் ஜெபமும் ஒன்றுதான் போலத் தோன்றியது. பெயர் தெரியாத ஏதோ ஒன்று என் பெண்ணின் கை வழியாக என் மேலும் ஏறும் என்று பயந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். பிறகுதான் படியில் உட்கார்ந்து காலை நீட்டினேன்.

தண்ணீர் இதமான சூட்டில் இருந்தது. அவள் பேச்சியம்மாளுக்குச் செய்தது போலவே விரல் விரலாகக் கழுவினாள். எனக்கு அவள் முகத்தில்தான் கண். கண்ணை மூடுகிறாளா, உதடு அசைகிறதா என்று. மூடவில்லை. அசையவில்லை. துண்டால் துடைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பேச்சியம்மாள் கிட்டே வந்து, தன்மேல் ஏறியதை அதிலேயே விட்டுவிடுகிறவர் போல, அந்தத் தண்ணீரில் தன் கால் ஒன்றை வைத்து எடுத்தார். பிறகு புல்லில் தேய்த்துக்கொண்டார்.

"சரி தாயி" என்றார்.

குரங்கணிக்கு இறங்கி, குழந்தையை ஜீப்பில் ஏற்றிப் போடி டாக்டரிடம் கூட்டிப் போனேன். தேறியது. பேச்சியம்மாள் மறுபடி வேலைக்கு வந்தார். ஆனால் நாங்கள் இருந்தவரை, கவிதா இந்தப் பக்கம் வந்தால் அவர் அந்தப் பக்கம் எழுந்து போனார். முகம் சுளிக்காமல், ஏதோ வேலை இருப்பது போல.

இறங்கி வருகிற வழியில் கவிதா கேட்டாள்: "நான் நல்லதுதானே செஞ்சேன்? அவங்க ஏன் பயந்தாங்க?"

"காரணம் தெரியாம யாராவது நல்லது செஞ்சா இங்க பயப்படுவாங்க."

"நீயும்தான் பயந்தே" என்றாள்.

அப்போதுதான் கேட்டேன், முதல் நாள் கண்ணை மூடி என்ன சொன்னாய், யாரை நினைத்தாய் என்று. ஞாபகம் இல்லை என்றாள்.

6

இங்கே திரும்பிய பிறகு கவிதா வெள்ளிக்கிழமைகளில் என்ன நடந்தது என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பாள். முன்பெல்லாம் காலணியைக் கழற்றும்போதே தொடங்கிவிடுவாள். யார் விழுந்தது, யார் சிரித்தது, எந்த வசனத்துக்கு எந்த மிட்டாய் என்று. அப்போது அதையெல்லாம் துப்புத் துலக்குகிறவள் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது துலக்குவதற்கு ஒன்றுமில்லை. வீட்டில் கோபம் இல்லை, சண்டை இல்லை. நெற்றியைக் காட்டச் சொன்னால் காட்டுகிறாள். விபூதி அப்படியே இருக்கிறது. அதுவும் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

நேற்றுத் தொலைபேசியில் டெபி இன்னொன்றும் சொன்னாள். முகாமின் கடைசிச் சாயங்காலம், ஏசுவை ஏற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகள் எழுந்து நிற்பார்களாம். யாரையும் வற்புறுத்த மாட்டார்களாம். "பின்னால் உங்களுக்குத் தெரியவந்து நீங்கள் வருத்தப்படக் கூடாது. அதனால் முதலிலேயே சொல்கிறேன்" என்றாள். ஒளிக்காமல் சொல்கிறாளே என்று ஒரு மனம். ஒளிக்காமல் சொன்னால் நம்பிவிடுவேன் என்று தெரிந்தே சொல்கிறாளோ என்று இன்னொரு மனம்.

கவிதாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அங்க போனா எழுந்து நிப்பியா?"

"தெரியலம்மா."

"நிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போ."

அவள் யோசித்தாள். "நிக்காம உட்கார்ந்திருக்கிறதுக்கும் நான் அங்க போகணும்ல?"

இது அவளுடைய பேச்சா, யாராவது சொல்லிக் கொடுத்ததா என்று இரவெல்லாம் புரண்டேன். காலையில் பிள்ளை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, போய்விட்டு வா என்று சொல்லிவிட்டேன். அவள் தலையை ஆட்டினாள். நன்றி சொல்லவில்லை, துள்ளிக் குதிக்கவில்லை. முகாமுக்குத் தடிமனான காலுறை வேண்டும் என்றாள்.

உங்கள் பதில்கள் கடல் தாண்டி வருவதற்குள் முகாம் முடிந்திருக்கும். ஆனாலும் கேட்கிறேன். பெண் பிள்ளைகளை வளர்த்தவர்கள், குறிப்பாக மகனோ மகளோ வேறொரு சாமியிடம் போய்ச் சேர்ந்த பிறகும் அவர்களோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறவர்கள், தயவுசெய்து எழுதுங்கள். கவிதா அங்கே எழுந்து நின்றுவிட்டு வந்தாள் என்றே வைத்துக்கொள்வோம். டெபியின் வண்டி வாசலில் நிற்கிறது. கையில் பையோடு பிள்ளை இறங்கி வருகிறாள். கதவைத் திறந்ததும் முதலில் நான் என்ன சொல்ல வேண்டும்?